ஏறுவாதமும் நோயாளர் வாய்மொழியும்: ஒரு வரலாற்று நோக்கு

நோய்களின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவும் மருந்துகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயுற்றோர் தமக்கு நேர்ந்ததைப் பற்றிக் கூறிய சொற்களுக்கு அவ்வரலாற்றிலே கிடைத்துள்ள இடம் மிகச் சிறிது. ஆயினும், நோயாளரின் வாய்மொழியை நீக்கிவிட்டால் காரணமே விளங்காது போகும் நோய்கள் சில உள. கால்களில் தொடங்கி மேனோக்கிப் பரவும் கடுந் தளர்வாதம் அவற்றுள் ஒன்றாகும். இந்நோயைப் பற்றிய அறிவு ஐரோப்பாவில் உருவாகிய முறையையும், அதனையொத்த தோற்றத்துடன் இலங்கைத் தமிழ்ச் சிறுமியரிடையே 1977–78 ஆம் ஆண்டுகளில் தோன்றிய வேறொரு நோயின் காரணம் கண்டறியப்பட்ட முறையையும் ஒருங்குவைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

இன்று கில்லன்–பாரே நோய் என வழங்கும் இத்தளர்வாதம் ஆண்டொன்றுக்கு ஓரிலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவரையே பற்றுவது. எனினும் பற்றும் வேகத்தால் அது அச்சத்துக்குரியதாகின்றது. நேற்றுவரை வயலிலும் கடலிலும் வேலை செய்தவர் இன்று விரல் நுனிகளிலும் பாதங்களிலும் ஊசி குத்துவது போன்ற உணர்வு எழுவதாகக் கூறுவார். அடுத்த நாள் படியேற முடியாது. அதற்கடுத்த நாட்களில் எழுந்து நிற்க முடியாது. தளர்ச்சி இருபுறமும் ஏறத்தாழச் சமமாகக் கால்களிலிருந்து கைகளுக்கும், பலரிடத்து முகத்துக்கும் பரவும். முழங்காலிலே சிறு சுத்தியலாற் தட்டினால் கால் துள்ளுகின்ற தெறிவினை குன்றும், பின்னர் மறையும். முதுகிலும் தொடைகளிலும் கடும் வலி தோன்றுதலும் உண்டு.

வைத்தியசாலையிற் சேர்க்கப்படுவோருள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினருக்கு மூச்சுத் தசைகளும் தளர்ந்து செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படுகின்றது. ஆகவேதான் இந்நோயாளரை ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகின்றது எனக் கேட்டு அறிவது நெடுங்கால வழக்கமாயிற்று. குருதியமுக்கமும் இதயத் துடிப்பும் காரணமின்றி ஏறியிறங்குவது மற்றோர் ஆபத்து. நோய் பெரும்பாலும் இரண்டு வாரங்களில், மிஞ்சினால் நான்கு வாரங்களில், உச்சத்தை அடையும். பின்னர் ஒரு நிலையில் நின்று மெல்லத் தணியும். பெரும்பாலோர் மீண்டும் நடக்கின்றனர். ஆறு மாதங்களுக்குப் பின்னும் தாமாக நடக்க இயலாதோர் ஐந்திலொரு பங்கினர் எனலாம். தக்க சிகிச்சை கிடைப்பினும் சிறு தொகையினர் இறக்கின்றனர்.

இந்நோயின் குறிகளுள் மிக முக்கியமானது நோயாளரின் உடலிற் காணப்படுவதன்று. அவரது அண்மைக்கால வாழ்விற் காணப்படுவது. மூன்றில் இரு பங்கினர் தளர்ச்சி தோன்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் வயிற்றோட்டமோ தடிமனோ காய்ச்சலோ கண்டவர்கள். வைத்தியசாலைக்கு வரும் வேளையில் அது மாறிவிட்டிருக்கும். மாறிப்போன ஒன்றைக் கருவியாற் காண்டல் அரிது. கேட்டால் மட்டுமே அது வெளிப்படும்.

லாந்திரி முதல் கில்லன் வரை

மேனோக்கி ஏறும் இவ்வாதத்தைத் தனியொரு நோயாக 1859 இல் எடுத்துக்காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் ஒக்தாவ் லாந்திரி ஆவார். அவர் பத்து நோயாளரின் வரலாறுகளைத் தொகுத்தார். கால்களிற் தொடங்கிய தளர்ச்சி எந்த ஒழுங்கில் உடலில் ஏறியது என்பதை அவர் எழுதியதற்கு அவரிடமிருந்த கருவிகள் இரண்டே: நோக்குதலும் கேட்டலும்.

நோய் நரம்பிலா முண்ணாணிலா உள்ளது என்ற வினாவுக்கு விடை காண அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. 1891 இல் ஜேர்மானியரான குயின்கே இடுப்பு முள்ளெலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தி மூளைய முண்ணாண் பாய்பொருளை எடுக்கும் முறையை வெளியிட்டார். இம்முறை 1916 இல், முதலாம் உலகப் போரின் நடுவே, பிரெஞ்சு இராணுவத்தின் நரம்பியல் நிலையமொன்றிற் பயன்பட்டது. அங்கு ஜோர்ஜ் கில்லன், அலெக்சாந்தர் பாரே, ஆந்திரே ஸ்ட்ரோல் ஆகிய மூவரும் தளர்ச்சியுற்ற இரு போர்வீரரைப் பரிசோதித்தனர். ஒருவர் தம் மூட்டையைத் தூக்க முயன்றபோது விழுந்து எழ முடியாது போனவர். இருவரின் பாய்பொருளிலும் புரதம் மிகுந்திருந்தது, கலங்களோ மிகவில்லை. தொற்றுக் கிருமியால் முண்ணாண் அழற்சியுறும்போது கலங்கள் மிகுதல் இயல்பு. அவை மிகாமை இது வேறொரு நோய் என்பதைக் காட்டிற்று. இரு வீரரும் தேறினர்.

ஸ்ட்ரோல் தெறிவினைகளை மின்முறையாற் பதிவுசெய்தவர். அவரது பெயர் பின்னாளில் நோயின் பெயரிலிருந்து கழிந்துபோயிற்று. பெயர் நிலைப்பதும் மறைவதும் உழைப்பின் அளவைப் பொறுத்தனவல்ல என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதுவும் ஒரு சான்று.

உடல் தன்னையே தாக்குதல்

நோயின் குறிகள் தெளிந்த பின்னரும் அதன் காரணம் தெளியவில்லை. 1955 இல் வாக்ஸ்மன், அடம்ஸ் ஆகிய இரு ஆய்வாளர் நரம்பிழையத்தை முயல்களுக்கு ஊசிமூலம் ஏற்றினர். சில வாரங்களில் முயல்களின் கால்கள் தளர்ந்தன. செலுத்தப்பட்ட இழையத்தில் நஞ்சோ கிருமியோ இருக்கவில்லை. அந்நிய நரம்பை எதிர்க்க எழுந்த நிர்ப்பீடனம் முயலின் சொந்த நரம்புகளையே தாக்கியது என்ற முடிவுக்கு இது இடந்தந்தது. தன்னிர்ப்பீடன நோய் என்னும் கருத்து இத்தளர்வாதத்தைப் பொறுத்து இவ்வாறே வேரூன்றிற்று.

முயல்களிற் செய்யப்பட்ட இச்சோதனை, எவரும் கருதாமலேயே, அதற்கு முன்பிருந்து மனிதரிடத்தும் நடைபெற்று வந்தது என்பது கருதற்பாலது. டேவிட் செம்பிள் என்பார் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் 1911 ஆம் ஆண்டளவில் விசர்நாய்க்கடிக்கான தடுப்பு மருந்தொன்றை உருவாக்கினார். ஆட்டின் மூளையில் வைரசை வளர்த்து, அதனைக் காபோலிக் அமிலத்தாற் செயலிழக்கச் செய்து பெறப்பட்ட மருந்து அது. 1907 இல் நீலகிரியின் குன்னூரில் நிறுவப்பட்ட பாஸ்டர் நிலையம் தென்னிந்தியாவுக்கு இவ்வகை மருந்தை அளித்தது. வயிற்றைச் சுற்றி நாள்தோறும் இடப்பட்ட அந்த ஊசிகளின் நினைவு தமிழர் வீடுகளில் இன்னும் மறையவில்லை.

அம்மருந்து எண்ணற்றோரின் உயிரைக் காத்தது. ஆனால் அதனோடு ஆட்டின் நரம்பிழையமும் உடலிற் புகுந்தது. ஊசி பெற்றோருள் ஒரு சிறு தொகையினருக்கு மூளையழற்சியோ, கில்லன்–பாரே நோயையொத்த தளர்வாதமோ உண்டாயிற்று. விசர்நோய் தானும் சிலரிடத்துத் தளர்வாதமாகத் தோன்றுவதுண்டு. எனவே, தளர்ந்த கால்களுடன் வந்தவரை நாய் கடித்ததா, ஊசி இடப்பட்டதா, எத்தனை ஊசி, எத்தனை நாட்களுக்கு முன்னர் என வினவாமல் நோயை உய்த்துணர வழியில்லை. இந்தியாவில் இந்நரம்பிழைய மருந்தின் உற்பத்தி 2004 ஆம் ஆண்டின் இறுதியிலேயே நிறுத்தப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் 1976 இல் பன்றிக் காய்ச்சலுக்கு எதிராக ஏறத்தாழ 4½ கோடி மக்களுக்கு ஊசியிடப்பட்டபோது, ஓரிலட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவிற் கில்லன்–பாரே நோய் மிகுந்ததால் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 1980களிலிருந்து கம்பைலோபக்ரர் என்னும் பற்றீரியாவுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு விளங்கத் தொடங்கிற்று. வயிற்றோட்டத்தை உண்டாக்கும் இப்பற்றீரியாவின் மேற்பரப்பும் மனித நரம்பின் கொழுப்புப் பொருட்களும் ஒத்த அமைப்புடையன. ஒன்றை எதிர்க்க எழுந்த பிறபொருளெதிரிகள் மற்றதையும் தாக்குகின்றன. 2025 ஜனவரியிற் புனே நகரில் இந்நோய் திடீரெனப் பெருகியபோதும், நோயாளர் அருந்திய நீரைப் பற்றிய விசாரணையே காரணத்தை நோக்கி வழிகாட்டிற்று.

மலையகத்துச் சிறுமியர்

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றிலிருந்து 1977–78 ஆம் ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சிறுமியர் கால்கள் தளர்ந்த நிலையில் வைத்தியசாலைகளை அடைந்தனர். தொடக்கத்திற் கெண்டைக்கால் வலி. பின்னர்ப் பாதங்கள் தொங்குதல். அதன்பின் கைகளும் மணிக்கட்டிலிருந்து தொய்தல். தோற்றத்தில் இது கில்லன்–பாரே நோயைப் பெரிதும் ஒத்தது. இளம்பிள்ளைவாதம் நாட்டில் முற்றாக ஒழியாதிருந்த காலமாதலால் அவ்வையமும் எழத்தக்கதே.

ஆனால் இந்நோயாளரின் வரிசை இயல்புக்கு மாறானது. கில்லன்–பாரே நோய் ஆண் பெண் என்றோ, இன்ன அகவை என்றோ தெரிந்து பற்றுவதில்லை. இளம்பிள்ளைவாதம் சிறு குழந்தைகளையே மிகுதியாகப் பற்றும். இங்கு நோயுற்றோரோ பூப்பெய்தும் பருவத்துப் பெண்கள். ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணன் தம்பியர்க்கு இல்லாத நோய் அவர்களுக்கு எங்ஙனம் வந்தது? காற்றும் நீரும் யாவர்க்கும் பொது. அச்சிறுமியர்க்கு மட்டுமே உரியதாய் இருந்தது எது?

விடை ஒரு சடங்கினுள் இருந்தது. பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயைச் சிறப்புணவாகக் கொடுத்தல் தமிழரிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். சிறுமியர் அருந்திய நல்லெண்ணெயில் திரைகிரசைல் பொசுபேற்று என்னும் இரசாயனம் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. இயந்திர எண்ணெய்களிலும் பிளாத்திக்குத் தொழிலிலும் பயன்படும் பொருள் அது. முன்னர்க் கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றிச் சென்றமையால் இக்கலப்பு நேர்ந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். பேராதனை மருத்துவபீடத்தைச் சேர்ந்த நிமல் சேனநாயக்கவும் தொழிற்சுகாதார அறிஞரான ஜெயரத்தினமும் 1981 இல் 'லான்செற்' இதழில் இதனை வெளியிட்டனர். நோயாளரை மூன்றாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்துச் சேனநாயக்க எழுதிய விரிவான ஆய்வும் அதே ஆண்டில் வெளிவந்தது.

இந்நோய் தன்னிர்ப்பீடன நோயன்று, நஞ்சினால் விளைந்தது. கில்லன்–பாரே நோயிற் பெரும்பாலும் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் கவசம் சிதைகின்றது. கவசம் மீண்டும் உருவாகும்போது நோயாளர் தேறுகின்றார். இந்நஞ்சோ நரம்பிழையையே அதன் நுனியிலிருந்து பின்னோக்கி அழிக்கின்றது. நீண்ட இழைகளே முதலிற் கெடுவதாற் பாதங்கள் முதலிலே தளர்கின்றன. நஞ்சுண்டவுடன் குறிகள் தோன்றுவதில்லை. ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்தே தோன்றும். ஆதலால் உண்டதையும் தளர்ந்ததையும் எவரும் எளிதில் இணைத்துப் பார்ப்பதில்லை. கைகால்களின் நரம்புகள் காலப்போக்கில் ஓரளவு வளரும். முண்ணாணின் இழைகள் அவ்வாறு வளர்வதில்லை. எனவே, தளர்ச்சி குறையக் குறையக் கால்களின் விறைப்பு வெளிப்படுதல் இந்நஞ்சின் இயல்பு. நடக்கத் தொடங்கியவர் முன்போல் நடப்பார் என்பது உறுதியன்று.

வழக்கமும் கொள்கலமும்

இவ்வரலாற்றை அறிவோர், சடங்கே நோய்க்குக் காரணம் என்ற முடிவுக்கு விரைதல் கூடும். அம்முடிவு பொருந்துமா என்பதைப் பார்ப்பதற்கு மலையகத்திலிருந்து தீவின் வடகோடிக்குச் செல்லல் வேண்டும். முற்காலத்திற் காரைதீவு எனப்பட்ட காரைநகரிலும், யாழ்ப்பாணத்துத் தீவுகள் ஏனையவற்றிலும் இதே வழக்கம் உண்டு. பெண் பிள்ளை பெரியபிள்ளையானதும் அவளைத் தனியே இருத்தி, நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் கொடுத்தல் அங்கு தாய்மாரும் பேத்திமாரும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கடமை. வளரும் உடலுக்குக் கொழுப்பும் புரதமும் ஊட்டும் இவ்வுணவில் தீங்கு எதுவுமில்லை. ஊர்ச் செக்கில் ஆட்டிய எண்ணெயை வீட்டுப் பாத்திரத்திலே வாங்கி வந்த காலத்தில் எள்ளை விதைத்தவரும் ஆட்டியவரும் கொடுத்தவரும் அறிந்தவராகவே இருந்தனர்.

காகம் பறவாத ஊர் உண்டெனினும் காரைதீவார் கடை இல்லாத ஊர் இல்லை என்ற கருத்தில் யாழ்ப்பாணத்தார் சொல்வதுண்டு. அத்தீவினரின் வணிகம் அவ்வளவு பரந்தது. பொருள்கள் ஊர்விட்டு ஊர் செல்லும் உலகில் எண்ணெயின் தூய்மை செக்கோடு முடிவதில்லை. அது ஏறிய பீப்பாயும் இறங்கிய தகரமும் எண்ணெயின் பகுதியாகிவிடுகின்றன. மாதச் சம்பளத்தில் எண்ணெய் வாங்கிய தோட்டத் தொழிலாளிக்கு அந்தப் பீப்பாயின் முன்வரலாற்றை அறிய வழி எது? தாய் தன் மகளுக்கு மனமுவந்து வாங்கிக் கொடுத்த மிகச் சிறந்த பொருளே நஞ்சை ஏந்தி வந்தது. ஏனையோர் சமையலிற் சிறிதளவே உண்ட எண்ணெயைச் சிறுமியர் தனியாகவும் மிகுதியாகவும் உண்டனர். வழக்கம் செய்தது அவ்வளவே. நஞ்சைக் கலந்தது வழக்கமன்று; பொறுப்பற்ற போக்குவரத்து.

இந்நஞ்சின் உலக வரலாறும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. மதுவிலக்கு நிலவிய ஐக்கிய அமெரிக்காவில் 1930 இல் இஞ்சிச் சாராயம் அருந்திய பல்லாயிரவர் கால் முடமாயினர். கலப்படத்துக்கு இந்த இரசாயனமே பயன்பட்டிருந்தது. மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில் 1959 இல் விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையலெண்ணெயால் ஏறத்தாழ 10,000 பேர் வாதமுற்றனர். மலையக நிகழ்ச்சி நூல்களிற் பதிவாகி ஏழாண்டுகள் சென்ற பின்னர், 1988 இற் கல்கத்தாவின் பெகாலாப் பகுதியில் இதே நஞ்சு சமையலெண்ணெயில் மீண்டும் தோன்றிற்று. அமெரிக்கக் குடிகாரர்க்கும் மொரோக்கோ நாட்டு இல்லத்தரசியர்க்கும் பூப்புச் சடங்கு இல்லை. எல்லாவிடத்தும் பொதுவாயிருந்தவை வறியோர் வாங்கும் பொருளும் அதனைக் காவாத கண்காணிப்புமே.

கேள்வியும் மொழியும்

பூப்பு, தனிமை, சிறப்புணவு என்பன அந்நியரிடம் எளிதிற் சொல்லப்படுவன அல்ல. வைத்தியசாலையின் வழமையான வினாக்களுள் அவை அடங்குவதுமில்லை. நோயாளரின் வாழ்க்கையை அறிந்தவரோ, அறிய முற்படுபவரோ கேட்டாலன்றி அவை வெளிவரா. மருத்துவரும் நோயாளரும் ஒரே மொழியிற் பேசவேண்டும் என்ற எண்ணம் யாழ்ப்பாணத்திற்குப் புதியதன்று. காரைநகரிலிருந்து பொன்னாலைத் தாம்போதியைக் கடந்தால் வருவது வட்டுக்கோட்டை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவரான சாமுவேல் கிறீன் முதலில் அங்கிருந்தே பணிபுரிந்து, பின் மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்தார். 1860களில் அவர் மருத்துவக் கல்வியைத் தமிழிலே புகட்டத் தொடங்கினார். 'இரண வைத்தியம்' 1867 இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும் வெளிவந்தன. தம் ஊரிலேயே தங்கி, தம் மக்களின் மொழியிலே நோயை விசாரிக்கும் மருத்துவரை உருவாக்குவதே அவரது முயற்சியின் அடிப்படை. கலைச்சொல்லாக்கத்தின் வரலாற்றில் வைத்தே அவரை நாம் பெரிதும் போற்றுகின்றோம். நோயாளரிடம் கேட்கும் கலையின் வரலாற்றிலும் அவருக்கு இடமுண்டு.

இன்று கில்லன்–பாரே நோய்க்குக் குருதித் திரவவிழையத்தை மாற்றும் முறையும் நிர்ப்பீடனப் புரதத்தை நாளத்தினூடாக ஏற்றும் முறையும் உண்டு. முன்னையதன் பயன் 1985 இலும் பின்னையதன் பயன் 1992 இலும் பெரிய ஆய்வுகளால் நிறுவப்பட்டன. இலங்கையில் இளம்பிள்ளைவாதம் 1993 இன் பின் காணப்படவில்லை. ஆயினும் கால் தளர்ந்து வரும் ஒவ்வொரு பிள்ளையையும் அறிவித்துப் பரிசோதிக்கும் ஒழுங்கு தொடர்கின்றது. நரம்பின் மின்கடத்தலை நொடிப்பொழுதில் அளக்கும் கருவிகளும் வந்துள்ளன. இவை யாவும் நரம்பின் எப்பகுதி கெட்டது என்பதைக் கூறும். சென்ற ஆறு வாரங்களில் இந்த மனிதருக்கு என்ன நேர்ந்தது, எதை உண்டார், எதை அருந்தினார், எந்த ஊசி பெற்றார் என்பதை அவரே கூறுதல் வேண்டும். அல்லது அவரது தாய் கூறுதல் வேண்டும்.

1977 இல் நோயுற்ற அச்சிறுமியர் இன்றிருப்பின் அறுபது வயதை அடுத்திருப்பர். அவர்களுடைய பெயர்கள் நூல்களில் இல்லை. இருத்தல் மருத்துவ முறையுமன்று. ஆனால் அவர்களும் அவர்களின் தாய்மாரும் அளித்த விடைகளின் மீதே அவ்வாய்வு முழுவதும் எழுந்து நிற்கின்றது. கொழுந்து பறிக்கும் மலைச்சரிவுகளில் ஏறியிறங்க வேண்டிய கால்கள் அவை. எண்ணெய் ஏற்றும் ஒவ்வொரு கொள்கலத்தையும் அதற்குமுன் அதில் என்ன இருந்தது எனக் கேட்டறிதல் அவர்களுக்கு நாட்டார் செலுத்தவேண்டிய கடனாகும்.